சித்திரகுப்தன் கணக்கும் சாட்சிக் கணக்கும்

இலங்கையில் 2009-ஆம் வருஷம் மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த யுத்தத்தைப் பற்றி நமது திருவண்ணாமலையில் யாரிடம் பேசினாலும், இரக்கமுள்ள நல்ல மனிதர்கள் கூட முடிவில் ஒரே பதிலைத்தான் சொல்லுகிறார்கள். "செய்தவர்களை அண்ணாமலையான் பார்த்துக் கொண்டிருக்கிறான், சித்திரகுப்தன் கணக்கில் எழுதியாகி விட்டது, நம்மால் ஆவது என்ன?" என்பதே அப்பதிலாகும். இப்படிச் சொல்லிவிட்டு, கிரிவலப் பாதையில் பாதி தூரம் போவதற்குள் அந்தச் சங்கதியை மறந்தும் விடுகிறார்கள். இந்தப் பதிலால் லாபம் யாருக்கு என்பதையே இன்று விசாரிக்க விரும்புகிறோம்.

முதலாவதாக, விசாரிக்கப்பட வேண்டிய குற்றம் என்ன? ஐக்கிய நாடுகள் சபையின் தலைமைச் செயலாளர் நியமித்த மூவர் குழு 2011-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. சுமார் 3,30,000 ஜனங்கள் வன்னியில் ஒரு சிறு பரப்பில் அடைபட்டுக் கிடந்தார்கள் என்றும், "இங்கே சுடமாட்டோம்" என்று சர்க்காரே அறிவித்த மூன்று இடங்களிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன என்றும், ஆஸ்பத்திரிகளும் தப்பவில்லை என்றும், மாண்ட பொது ஜனங்கள் 40,000 வரை இருக்கலாம் என்றும் அதில் கண்டிருக்கிறது. அதே அறிக்கையில், விடுதலைப் புலிகள் ஜனங்களை வெளியேற விடாமல் கேடயமாக வைத்துக் கொண்டதாகவும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதாகவும், சிறு பிள்ளைகளைப் பலாத்காரமாகப் படையில் சேர்த்ததாகவும் கண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்தேதான் நாம் எழுதுகிறோம். நம்மவன் செய்தால் வீரம், எதிரி செய்தால் குற்றம் என்பது மநு தர்ம நியாயமே ஒழிய மனித நியாயமாகாது. ஒரே குற்றத்துக்குப் பிறப்பைப் பார்த்துத் தண்டனை சொன்ன சாஸ்திரத்தைக் கண்டித்துவிட்டு, குண்டு பட்டுச் செத்த குழந்தை யார் குண்டால் செத்தது என்று பார்த்து அழ முடியுமா?

நிற்க, "முன் ஜன்ம வினை" என்கிறார்களே, அதன் பொருள் என்ன? செத்தவன் தன் வினையால் செத்தான் என்றால், சுட்டவன் வெறும் கருவியாகிறான். கட்டளையிட்டவன் கடவுளுக்குக் கூலி வேலை செய்தவனாகிறான். அப்புறம் குற்றவாளி என்று ஒருவன் எங்கே இருக்கிறான்? கொலைகாரனுக்கு இதைவிட நல்ல வக்கீல் இவ்வுலகில் கிடைப்பானா?

யுத்த காலத்தில் பாதுகாப்புச் செயலாளராயிருந்த கோத்தபய ராஜபக்ச, பின்னால் ஜனாதிபதியாகி, 2022 ஜூலையில் நாட்டை விட்டு ஓடியபோது, "பார்த்தீர்களா, தெய்வம் நின்று கொன்றது" என்று பலர் பூரித்துப் போனார்கள். அவரை ஓட்டியது தெய்வமல்ல. பெட்ரோலும் மருந்தும் சமையல் வாயுவும் கிடைக்காத ஜனங்களின் கோபம். அதே செப்டம்பரில் அவர் திரும்பியும் வந்துவிட்டார். வன்னியில் நடந்ததைப் பற்றி அவரை எந்தக் கோர்ட்டும் கூண்டிலேற்றிக் கேட்கவில்லை. குற்றச்சாட்டும் இல்லாமல், சாட்சியும் இல்லாமல், தீர்ப்பும் இல்லாமல் வருகிற தண்டனைக்கு நியாயம் என்று பெயரிடுவது நம்மை நாமே ஏமாற்றிக் கொள்வதாகும்.

சாட்சி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே இலங்கையில் உதாரணம் இருக்கிறது. 2000 டிசம்பரில் மிருசுவிலில் குழந்தைகள் உட்பட 8 பேர் கொலை செய்யப்பட்டார்கள். தப்பி வந்த ஒருவர் வாய் திறந்ததால் வழக்கு நடந்தது; 2015-ல் ஒரு ராணுவத்தானுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது; மேல் கோர்ட்டும் 2019-ல் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோத்தபய அவனுக்கு மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். உள்ளூர்க் கோர்ட்டின் தீர்ப்பை ஒரு கையெழுத்து அழித்து விடுமானால், வெளி விசாரணை வேண்டுமென்று கேட்பதில் குற்றமென்ன?

"வெளியே போனால் மட்டும் நடக்குமா?" என்று கேட்பார்கள். ஆப்பிரிக்காவில் சாட் என்றொரு தேசம். அங்கே 1982 முதல் 1990 வரை ஆண்ட ஹிசேன் ஹாப்ரே ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்று, செனகல் தேசத்துக்கு ஓடி, இருபது வருஷத்துக்கு மேல் சுகமாக வாழ்ந்தார். அவர் சிறையில் கிடந்து மீண்ட சுலைமான் கெங்கெங் வக்கீலல்ல. கணக்கு வேலை பார்த்தவர். அவரும் தோழர்களும் கொடுமைப்பட்டவர்களிடமிருந்து 700-க்கு மேற்பட்ட வாக்குமூலங்களை எழுதி வாங்கினார்கள். அவற்றை அவர் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். 2016 மே மாதம் செனகலில் கூடிய விசேஷக் கோர்ட் ஹாப்ரேவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. சித்திரகுப்தன் செய்யாததை ஒரு கணக்கெழுதுகிறவர் செய்தார்!

உலகக் கோர்ட்டுகளில் குறையில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. "நான் ராஜா" என்பதும், "மேலதிகாரி சொன்னதைச் செய்தேன்" என்பதும் குற்றத்தைத் துடைக்காது என்ற நியாயம் 1946-ல் நியூரம்பெர்க் தீர்ப்பிலேயே நிலைநாட்டப்பட்டது. ஆனால், 2002 முதல் நடக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் இலங்கையும் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை, அமெரிக்கா, ரஷ்யா, சைனாவும் சேரவில்லை. பாதுகாப்புச் சபையில் ஐந்து வல்லரசுகளுக்கு மட்டும் தடை செய்யும் உரிமை இருக்கிறது. இது தேசங்களுக்குள் இருக்கும் வருணாசிரமமே. அதற்காகக் கோர்ட்டே வேண்டாம் என்பதா, பேதத்தை ஒழிக்க வேண்டும் என்பதா?

நமது சர்க்காரின் யோக்கியதையையும் பாருங்கள். 2009 மே மாதம் ஜெனீவாவில் இலங்கை சர்க்காரை மெச்சிய தீர்மானத்துக்குக் கை தூக்கியது; 2012-லும் 2013-லும் இலங்கையைப் பொறுப்பாக்கும் தீர்மானங்களை ஆதரித்தது; 2014, 2021, 2022-ல் எப்பக்கமும் சேராமல் ஒதுங்கிக் கொண்டது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை இது பற்றி நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

2021-ஆம் வருஷத் தீர்மானத்தின்படி, பிற்காலத்து வழக்குகளுக்காகச் சாட்சியங்களைச் சேர்த்துக் காக்கும் வேலை ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகத்தில் தொடங்கியது. ஆனால் சாட்சிகளுக்கு வயதாகிறது. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில், கந்தசாமி கோயில் வாசலில், காணாமற் போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார்கள் உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் விடை தெரியாமலே இறந்தும் போனார்கள். அவர்கள் கோயில் வாசலுக்குப் போனதை நாம் பரிகசிக்க மாட்டோம். போவதற்கு ஒரு கோர்ட் வாசல் இல்லாமற் செய்தவர்களையே குற்றம் சொல்லுவோம். யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 2025-ல் தோண்டத் தோண்ட 200-க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தனவே, அவற்றை வெளிக்கொணர்ந்தது மந்திரமல்ல, மண்வெட்டியும் பரிசோதனையுமே.

நமது ஜில்லாவிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்கிருப்பவர்கள் வெவ்வேறு வருஷங்களில் வந்தவர்கள். கண்டதையும் பட்டதையும் மனதில் வைத்திருக்கிறவர்கள். படித்த வாலிபர்கள் அங்கே போய், சொல்ல விரும்புகிறவர்கள் சொல்வதை, அவர்கள் சம்மதத்தோடு, நாள், இடம், பார்த்தது, கேள்விப்பட்டது என்று தனித்தனியே பிரித்து, கூட்டாமல் குறைக்காமல் எழுதிப் பத்திரப்படுத்தட்டும். செய்தவன் யாராயிருந்தாலும் எழுதட்டும். மலை உச்சியில் ஏற்றும் தீபத்துக்குக் கொட்டுகிற நெய்யின் விலையில் எத்தனை நோட்டுப் புஸ்தகம் வாங்கலாம் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக் கொள்ளட்டும்.