கெசல்கமு ஓயாவின் கரையைக் காப்பாற்றுங்கள்



கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் ‘பீக்கோ ட்ரெயில்’ நடைபாதை 300 கிலோமீற்றருக்கும் அதிக நீளமானது. 22 கட்டங்களாக வகுக்கப்பட்ட இப்பாதை எங்கள் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கையும் தொட்டுச் செல்வதால், முதுகுப்பையோடு நடந்துவரும் வெளிநாட்டவர்களை இங்கே காண முடிகிறது. மகிழ்ச்சிதான். நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையே கெசல்கமு ஓயாவை ஒட்டி நடப்பதைப் போன்ற சுகமான நடை மலையகத்தில் அதிகம் இல்லை. மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் கிடையாது, ஆற்றின் சத்தம் கூடவே வரும், இருபுறமும் தேயிலை மலை.

அந்த ஆற்றின் கரையைத்தான் இரவோடு இரவாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கெசல்கமு ஓயாவில் சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வு பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. சுற்றிவளைப்பு, கைது, நீதிமன்றம், பிணை. சில வாரங்களில் வேறோர் இடத்தில் புதுக்குழி. பிடிபடுவது பெரும்பாலும் மண்வெட்டி பிடித்தவன்தான். தோட்டச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமல் அந்தக் குளிர்நீரில் இடுப்பளவு நிற்கும் பையன் அவன். முதல் போட்டு, கல்லை வாங்கி விற்கிறவரின் பெயர் செய்தியில் வருவது அரிது. இந்த நியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

கல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குழியை மூடுகிறவர் இல்லை. வேர் அறுந்த மரங்கள் ஆற்றுக்குள் சாய்கின்றன. தென்மேற்குப் பருவமழையில் வெள்ளம் அந்தக் குழிக்குள் புகுந்து கரையை இன்னும் உள்ளே தின்கிறது. கரையோரத்து ஒற்றையடிப் பாதை அப்படியே சரிந்துவிடுகிறது. அது சுற்றுலாப் பாதை ஆவதற்கு முன்பே லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழி, கொழுந்து எடுக்கும் பெண்கள் மலைக்குப் போகும் வழி. கலங்கிய நீர் நிறைந்த குழியின் ஆழம் மேலிருந்து பார்க்கும் சிறுவனுக்குத் தெரியாது. ஓர் உயிர் போன பிறகுதான் அதிகாரிகள் வாகனத்தில் வந்து இறங்குவார்களா?

இது எங்கள் ஊர்க்கவலை மட்டுமல்ல. இந்த ஆறு 1965இல் கட்டிமுடிக்கப்பட்ட காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. 50 மெகாவாற் விமலசுரேந்திர மின்நிலையம் அந்த நீரில்தான் இயங்குகிறது. அதைத் தாண்டி மஸ்கெலி ஓயாவோடு கலந்து களனி கங்கையாகி, கொழும்பு மக்களின் குடிநீர் ஆகிறது. இங்கே வெட்டிவிடும் மண் எங்கே போய்ப் படியும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் கல் தோண்ட முடியாது. அனுமதி பெற்றவரும் குழியை மூடித் தரவேண்டும். பாதையைப் பொறுத்தவரை, ‘தோட்டத்துக்குள் பிரதேச சபை கைவைக்க முடியாது’ என்ற பழைய பதிலும் இனிச் செல்லாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டதே தோட்ட மக்களுக்கும் சபைகள் சேவை செய்யத்தான். அம்பகமுவ பிரதேச சபையைப் பிரித்து நோர்வூட்டுக்கென்று தனிச் சபை கேட்டுப் பெற்றதும் அதற்காகத்தான்.

ஆகவே உரியவர்களிடம் கேட்கிறோம். நோர்வூட் முதல் பொகவந்தலாவை வரை ஆற்றின் ஒதுக்குநிலத்தை அளந்து எல்லைக்கல் நடுங்கள். திறந்து கிடக்கும் குழிகளை அடுத்த மழைக்கு முன் மூடுங்கள். சரிந்த இடங்களில் கரையைக் கட்டி, பிள்ளைகள் பயமின்றி நடக்கப் பாதை போட்டுக் கொடுங்கள். முதலாளிகளையும் கூண்டில் ஏற்றுங்கள். இந்த வேலைகளுக்கு எந்தத் திகதியில் ஆள் வரும் என்பதற்கு எங்கள் பிரதிநிதிகள் இந்தப் பத்திரிகை வாயிலாகவே பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பொகவந்தலாவை.