ஜட்ஜும் கிளாஸ்மேட்டும்

நம் சினிமா ஜட்ஜுகளுக்கு இரண்டே வேலை. சுத்தியலால் தட்டி ‘ஆர்டர், ஆர்டர்’ சொல்வது. கிளைமாக்ஸில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஹீரோவை விடுதலை செய்வது. இவர்களையே பார்த்து வளர்ந்த எனக்கு, அமெரிக்காவின் ஃப்ராங்க் ஜான்சனைப் பற்றிப் படித்தபோது கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

1955-ல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் இவரை அலபாமா மாநிலத்தில் ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜாகப் போட்டார். வயசு 37. மத்திய அரசு கோர்ட்டுகளில் கீழ்ப்படிதான். ஆனால் ஆயுசு முழுக்க உத்தியோகம். மாநில கவர்னர் தலைகீழாக நின்றாலும் கை வைக்க முடியாது. டிரான்ஸ்ஃபர் பயமும் இல்லை. (பெருமூச்சு விடாதீர்கள்.)

அந்தப் பாதுகாப்பெல்லாம் நாற்காலிக்குத்தான். வீட்டுக்கு இல்லை.

அடுத்த வருஷமே மான்ட்கோமரி பஸ் வழக்கு. வெள்ளைக்காரர் முன்னால், கறுப்பர் பின்னால் என்ற சட்டம் செல்லாது என்று மூன்று ஜட்ஜுகள் பெஞ்சில் இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் ஜான்சன். ஊரில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இவருக்கு லா காலேஜில் ஒரு சிநேகிதர், ஜார்ஜ் வாலஸ். 1959-ல் அவரும் மாநில கோர்ட்டில் ஜட்ஜ். வாக்காளர் பதிவு ரிக்கார்டுகளைக் காட்டச் சொல்லி ஜான்சன் உத்தரவு போட, ‘முடியாது’ என்று ஊருக்கே கேட்கிற மாதிரி முழங்கிவிட்டு, ராத்திரியில் ஜான்சன் வீட்டுக்கு வந்தார். ‘பேருக்குக் கொஞ்ச நாள் ஜெயில் கொடேன், எலெக்‌ஷனுக்கு உதவும்’ என்கிற ரீதியில் பேச்சு. ஜான்சன் மசியவில்லை. வாலஸ் சுற்றுவழியில் ரிக்கார்டுகளைக் கொடுத்துவிட்டார். ‘இவர் என் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துவிட்டார்’ என்று ஜான்சன் விடுதலை செய்தார். இதைவிட அவமானம் உண்டா!

வாலஸ் 1963-ல் கவர்னரானார். 1965 மார்ச்சில் செல்மா பாலத்தில் ஓட்டுரிமை ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. இழைத்த அநியாயம் எவ்வளவு பெரிசோ, அதை எதிர்த்து நடக்கும் உரிமையும் அவ்வளவு பெரிசு என்று ஜான்சன் அனுமதி கொடுத்தார். கூடவே, ரோடு குறுகுகிற இடத்தில் 300 பேருக்கு மேல் போகக்கூடாது என்றும் கணக்காக எழுதினார். 1967-ல் அவர் அம்மா வீட்டில் குண்டு வெடித்தது. அம்மா தப்பித்தார்.

எனக்குப் பிடித்தது பிரைஸ் மனநல மருத்துவமனை வழக்கு. ஊழியர்களை வேலையை விட்டு நிறுத்தியதில் ஆரம்பித்தது. ஜான்சன் கவலைப்பட்டது உள்ளே அடைபட்டிருந்தவர்களுக்காக. சிகிச்சை தருவதற்காகத்தானே அடைத்தீர்கள், அதைத் தராவிட்டால் எந்த உரிமையில் அடைத்து வைக்கிறீர்கள் என்று பிடித்துக்கொண்டார். 1972-ல் எட்டு நோயாளிக்கு ஒரு கழிப்பறை என்பதுவரை உத்தரவு. (எங்கள் ஆபீஸில் முப்பது பேருக்கு ஒன்று. தாழ்ப்பாள் கிடையாது.)

1972-லேயே வாலஸைச் சுட்டார்கள். கடைசிவரை சக்கர நாற்காலிதான். பின்னாளில் பழைய சிநேகிதரிடம் ஆள் விட்டு மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்பு வேண்டுமானால் கடவுளிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினார் ஜான்சன்.