பென்னி லியனார்டும் 'யூத மூளை'யும்

பென்னி லியனார்டைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு பல்லவி தவறாமல் வந்துவிடும்: 'மூளையால் ஜெயித்த யூதர்'. பாராட்டுத்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியவில்லை. யூதன் என்றால் உடம்பில் தெம்பில்லாத தந்திரக்காரன் என்பது பழைய வசை. அதற்கே பவுடர் பூசி மாலை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம்.

மனிதர் 1896-ல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், ஏழை யூதக் குடியேறிகளின் பேட்டையில், பெஞ்சமின் லைனராகப் பிறந்தவர். குத்துச்சண்டைக்குப் போவது வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று லியனார்ட் ஆனார். 1917 மே மாதம் ஃப்ரெடி வெல்ஷை வீழ்த்தி லைட்வெயிட் உலக சாம்பியன். இங்கேதான் கவனிக்க வேண்டும். அன்றைய நியூயார்க் சட்டப்படி புள்ளி எண்ணி வெற்றி அறிவிக்க முடியாது. சாம்பியன் கடைசி ரவுண்டு வரை காலில் நின்றுவிட்டால் பட்டம் அவருக்கே. முந்தைய வருஷம் வெல்ஷோடு இரண்டு முறை மோதியும் பட்டம் கைமாறாததற்கு அதுதான் காரணம். மூன்றாவது முறை ஒன்பதாவது ரவுண்டில் அடித்தே சாய்த்தார். இதில் 'தந்திரம்' எங்கே வந்தது?

1920-ல் சார்லி வைட் விட்ட குத்தில் கயிற்றைத் தாண்டி ரிங்குக்கு வெளியே போய் விழுந்தவர், ஏறி வந்து ஒன்பதாவது ரவுண்டில் வைட்டைப் படுக்க வைத்தார். 1921 ஜனவரியில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரிச்சி மிட்செலிடம் முதல் ரவுண்டிலேயே தரையைப் பார்த்தார், ஆறாவதில் முடித்தார். நாக்-அவுட் வெற்றிகள் மட்டும் ஏறக்குறைய 70. சீவிய தலைமுடி கலையாமல் சண்டை போடுவார் என்று சிலாகிப்பவர்கள் இந்தக் கணக்கை ஏனோ பற்று வைப்பதேயில்லை.

அவர்களுக்கு வேண்டியதெல்லாம் 1922 ஜூலையில் ஜெர்சி சிட்டியில் நடந்த கதை. லூ டெண்ட்லரின் இடது கைக் குத்தில் ஆடிப்போன லியனார்ட், பேச்சுக் கொடுத்தே அவரைத் தயங்க வைத்துத் தப்பினாராம். சரி, சாமர்த்தியம்தான். மறு வருஷம் யாங்கீ ஸ்டேடியத்தில் அதே டெண்ட்லரை 15 ரவுண்டும் விரட்டி விரட்டி அடித்தாரே, அதுவும் பேச்சா? அந்த 1922 ஜூனில் கீழே கிடந்த ஜாக் பிரிட்டனை அடித்துத் தகுதியிழந்து தோற்றாரே, அப்போது அந்த 'யூத மூளை' எங்கே போயிருந்தது? (டெண்ட்லரும் யூதர்தான். அவருடைய மூளையைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை!)

1925-ல் பட்டத்தோடு ஓய்வு. 1929 பங்குச்சந்தைச் சரிவு சேர்த்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனது. 1931-ல் திரும்பி வந்தார், முடி கொட்டி, உடம்பு கனத்து. 1932 அக்டோபரில் ஜிம்மி மெக்லார்னின் ஆறாவது ரவுண்டில் கதையை முடித்தார். இந்த மறுபிரவேசத்தைப் 'பரிதாபம்' என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். வேறென்ன செய்வார்? கையிருந்த முதல் அந்த இரண்டு கைகள்தானே. மூளை மட்டும்தான் என்றால் அதை 36 வயதில் ரிங்கில் கொண்டுபோய்ப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

பிறகு நடுவரானார். 1947 ஏப்ரல் 18 அன்று செயின்ட் நிக்கலஸ் அரீனாவில் ஒரு சண்டையை நடத்திக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் ரிங்குக்குள் விழுந்தார். வயது 51.