விலைபோகும் விடுதலை

மார்ச் 8 வந்துவிட்டால் வணிக வீதிக்குக் கொண்டாட்டம்! அன்றுதான் மாதர்க்கு விடுதலை. அதுவும் தள்ளுபடி விலையில்! நகைக்குத் தள்ளுபடி, பட்டுக்குத் தள்ளுபடி, முகப்பூச்சுக்குத் தள்ளுபடி! 1917-இல் அதே நாளில் பெட்ரோகிராடு வீதியில் இறங்கிய ஆலைப்பெண்கள் கேட்டது ரொட்டி. அவர்கள் நாளில் இங்கே விற்பது ஒட்டியாணம்!

தந்திரம் புதிதன்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடிப் பெண்ணுக்குச் சமச்சொத்துரிமை கேட்டது. அடுத்த மாதமே நியூயார்க்கில் எட்வர்டு பெர்னேஸ் என்னும் விளம்பர வித்தகர், மங்கையர் சிலரை நடுத்தெருவில் சிகரெட் புகைக்கச் செய்து, அதற்கு 'விடுதலைத் தீப்பந்தம்' என்று பெயரும் சூட்டினார். கூலி கொடுத்தது புகையிலைக் கம்பெனி! செங்கற்பட்டுத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை காத்திருந்தது. சிகரெட்டோ காத்திருக்கவில்லை.

நையாண்டி நாடகத்துக்கு இதைவிட நல்ல கரு உண்டா? ஆனால் சபா மேடைகளில் சிரிப்பம்பு யார்மீது பாய்கிறது? உரிமை பேசும் பெண்மீது! பேசினால் அடங்காப்பிடாரி, படித்தால் திமிர்க்காரி, கணவன் கையில் கரண்டி வந்தால் கொட்டகை அதிரும் சிரிப்பு! அவள் பெயரால் கடை விரித்தவனோ முன்வரிசையில் அமர்ந்து கைதட்டுகிறான். நாடகச் செலவுக்கு விளம்பரம் தந்த புண்ணியவானும் அவனாகவே இருப்பான்!

நடிகவேள் எம்.ஆர். ராதா இப்படியா சிரிக்க வைத்தார்? திருவாரூர் தங்கராசு தீட்டிய 'ரத்தக்கண்ணீ'ரில் நகைப்புக்கு இலக்கானவன் செல்வச் செருக்கன் மோகன். வதைபட்ட மனைவி அல்ல. இறுதியில் அவளுக்கு மறுமணம், அவனே முன்னின்று! அது படமாக வந்த 1954-இலேயே நாடகங்களுக்கு வாய்ப்பூட்டுச் சட்டமும் வந்தது. அதன் முக்கியப் பிரிவுகளையும் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் செல்லாதனவாக்கிவிட்டது. இனி என்ன தடை?

கருவுக்கு அலைய வேண்டாம் தோழர்களே, பூந்தமல்லிப் பக்கம் வாருங்கள்! அங்கே ஒரு விடுதியில் தங்கவைக்கப்பட்ட ஃபாக்ஸ்கான் ஆலைப்பெண்கள் 250-க்கும் மேற்பட்டோர் 2021 டிசம்பரில் கெட்ட உணவுண்டு நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனை சேர்ந்தனர். தோழியர் பிழைத்தனரா மாண்டனரா என்பதே தெரியாமல், ஆயிரக்கணக்கானோர் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். அவர்கள் கை கோத்த செல்பேசிகளில்தான் 'பெண்மை வாழ்க' என்று வாழ்த்துகள் பறக்கின்றன! அந்த விடுதித் தரையில் படுத்தவளை மேடையேற்றுங்கள்; வாழ்த்துமடலோடு வரும் முதலாளியை அவளெதிரே நிறுத்துங்கள்.

அடுத்த காட்சி, அம்பத்தூரில் ஒரு தையலாலை. மேலாளர் ரோஜாப்பூ நீட்டுகிறார். "பூ வேண்டாம் ஐயா, கழிவறைக்குப் போய்வர ஐந்து நிமிடம் கொடுங்கள்" என்கிறாள் அவள். "அது அடுத்த மார்ச் எட்டுக்கு அம்மா!" என்கிறார் அவர்.

ஆவடியிலே அரங்கேற்றுங்கள், 1955-இல் சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று காங்கிரஸ் மாநாடு முழங்கிய அதே ஆவடியிலே! சீட்டு வேண்டாம். இரவு வேலை முடிந்து வரும் பெண்களுக்கு முன்வரிசையை ஒதுக்கி வையுங்கள்.