கம்பியே போட்டாச்சு, இனி ஏன் குளிசை?

பெரியம்மாவுக்கு நாரி உளைவு தொடங்கி ஏழு மாசம். எண்ணெய் பூசினம், பத்துப் போட்டம், பரியாரியாரிட்டயும் போனம். கால் விறைச்சு நடை தடுமாறின பிறகுதான் ஸ்கான் எடுத்தது. முள்ளந்தண்டில காசநோய். இரண்டு கிழமைக்குள்ள சத்திரசிகிச்சை நடந்தது. பழுதான என்பை அகற்றி, ஸ்குரூவும் கம்பியும் போட்டார்கள். ஊரே வந்து பார்த்தது. "பெரிய ஒப்பரேஷன்" என்று எல்லாருக்கும் சொன்னோம். காசநோய் என்று மட்டும் ஒருத்தருக்கும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் மாதம் அலுமாரிக்குள் குளிசைகள் தொடாமல் கிடந்ததை நான்தான் கண்டேன். கேட்டால், "கம்பியே போட்டாச்சு, இனி ஏன் பிள்ளை குளிசை?"

கோபம் வந்தது. ஆனால் வீட்டில் நாங்கள் எல்லாருமே அப்படித்தானே நினைத்திருந்தோம்? கத்தி வைச்சால்தான் வைத்தியம், குளிசை சும்மா துணைக்கு. இந்த வருத்தத்தில் கதை நேர்மாறு. (நான் கலைப்பீடம். மருத்துவபீடத்து நண்பியைக் கரைச்சல்படுத்தித்தான் இதையெல்லாம் வாசித்தேன்.)

1956இல் ஹொங்கொங்கில் ஹொட்ஜ்சன், ஸ்டொக் என்ற இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள்: முன்பக்கத்தால் திறந்து, சிதைந்த பகுதியை முழுதாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என்பு ஒட்டு வைப்பது. பெரிய சாதனைதான். ஆனால் எல்லாருக்கும் அது தேவையா? பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு கொரியா, ஹொங்கொங், அன்றைய ரொடீசியா, சென்னை என்று பல இடங்களில் இதைச் சோதித்துப் பார்த்தது. கொரியாவில் மாதக்கணக்காகக் கட்டிலில் கிடந்தவர்களுக்கும், மருந்தை எடுத்துக்கொண்டு நடமாடித் திரிந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சென்னையில் ஒரு பகுதியினருக்குச் சத்திரசிகிச்சையும் ஆறு மாத மருந்தும். மற்றவர்களுக்கு ஆறு அல்லது ஒன்பது மாத மருந்து மட்டும். 1999இல் வெளியான பத்தாண்டு முடிவில், மருந்து மட்டும் எடுத்தவர்கள் ஒன்றும் பின்தங்கிப் போகவில்லை.

அதுக்காக ஒப்பரேஷன் வேண்டாம் எண்டு சொல்ல வரேல்ல. அறைக்குள்ளேயே நடக்க முடியாத அளவுக்குக் கால் இழுத்தவர்களை அந்த ஆய்வுகளில் சேர்க்கவே இல்லை. ஹொங்கொங் முறையில் கூன் விழுவதும் குறைவாகத்தான் இருந்தது. நரம்பு நசிந்து கால் பலம் குறைந்துகொண்டு போனால், என்பு நிலைகுலைந்தால், கூன் கூடினால், கத்தி தேவைதான். பெரியம்மாவின் காலைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் கத்தி நசிவை எடுக்கும், கம்பி தாங்கிப் பிடிக்கும். கிருமியைக் கொல்வது குளிசை. அதை இடையில் விட்டால், மிஞ்சின கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம்.

எனக்குப் பெரியம்மாவில் கோபமில்லை, எங்கட மௌனத்தில்தான். ஒப்பரேஷனைப் பெருமையாகச் சொன்ன நாங்கள்தான் குளிசையை வெட்கப்பட வைத்தோம். நுரையீரலில் இல்லாமல் முள்ளந்தண்டில் மட்டும் இருக்கிற காசநோய் பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது. அதைக்கூட நாங்கள் யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை. அரசாங்கம் இலவசமாகத் தருகிற மருந்து, ஆரும் காணக்கூடாதென்று சாறிகளுக்குக் கீழே ஒளிந்து கிடந்தது.

கிளினிக்கில் நல்ல பேச்சு வாங்கினோம். பரிசோதனைகள் செய்து மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள். இப்போது குளிசை சாப்பாட்டு மேசையில், சீனிப்போத்தலுக்குப் பக்கத்தில. போன கிழமை பக்கத்து வீட்டு அன்ரி, "இது என்ன குளிசை?" எண்டு கேட்டா. அம்மா என்னைப் பார்த்தா. பெரியம்மா தேத்தண்ணியை வைச்சிட்டு, "ரிபிக்கு" எண்டா.