நம்ம ஆளுக்கே விற்றாலும் பெருவிரல் பதியட்டும்

நம்மவர்கள் பழைய காரை விற்கும் முறை மாற வேண்டும். இப்படிச் சொன்னதும், "தமிழ்மொழிக் கழக இதழில் கார் வியாபாரமா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, புலாவ் செபாங் என்று மலாக்காவின் எந்தப் பட்டணத்துத் தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும், வீட்டுக்கு அடுத்தபடியாக அது வாங்கும் பெரிய பொருள் கார்தான். பல குடும்பங்களில் வீட்டுக்கும் முன்பே கார் வந்துவிடுகிறது. அந்தக் காரை விற்கும் நாளில்தான் பலருக்குத் தொல்லையும் தொடங்குகிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் காரின் அருமை தெரியும். பால்மரக் காட்டிலிருந்து பெரிய சாலைக்கு வரவே சில மைல்கள் செம்மண் பாதை. பேருந்தைத் தவறவிட்டால் அன்றைக்குப் பட்டணம் இல்லை. 1985-இல் புரோட்டோன் சாகாவும், 1994-இல் பெரோடுவா கஞ்சிலும் வந்த பிறகுதான், கிராணி வீட்டு வாசலில் மட்டும் நின்ற கார் லயத்து வாசலுக்கும் வந்தது. அதுவும் பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கைக் கார்தான். கஞ்சில் உற்பத்தி 2009-இல் நின்றுவிட்டாலும், இன்றும் நம் பக்கத்துச் சாலைகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பின் கண்ணாடியில் 'உந்தோக் டிஜுவால்' என்று எழுதி, கீழே ஒரு கைப்பேசி எண்ணும் ஒட்டியிருக்கும்.

தோட்டத்தில் வியாபாரம் வாய்ச்சொல்லில் நடந்தது. அதில் தவறில்லை. வாங்கியவர் அடுத்த லயத்தில் இருப்பார்; காலையில் பெரட்டுக்களத்தில் முகம் பார்த்தாக வேண்டும். பணம் பாக்கி வைத்தால் மண்டோருக்குத் தெரியும், கோயில் தலைவருக்குத் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். வாக்குக்குக் காவலாக ஓர் ஊரே இருந்தது. இன்று அந்த ஊர் எங்கே? தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புத் திட்டங்களாகியும் போன பிறகு, நம் மக்கள் ஆயர் குரோ, பத்து பிரண்டாம், பாயா ரும்புட் பக்கத்துத் தாமான்களிலும், சிங்கப்பூர், ஜொகூர் வரையிலும் சிதறிக் கிடக்கிறார்கள். ஊர் கலைந்துவிட்டது, வாய்ச்சொல் பழக்கம் மட்டும் கலையவில்லை.

இந்தப் பழக்கத்தின் மோசமான வடிவம்தான் 'சம்போங் பாயார்'. கார்க் கடன் முடியாத நிலையில், மாதத் தவணை கட்ட முடியாத ஒருவர், "நீ கட்டிக்கொள், நீயே ஓட்டிக்கொள்" என்று சாவியைக் கொடுத்துவிடுவார். முன்பணமாகச் சில ஆயிரம் வெள்ளி கைமாறும். சில சமயம் அதுவும் இல்லை. மிஞ்சிப்போனால் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு கையெழுத்து; இன்னும் கொஞ்சம் கவனமானவர் என்றால் சத்தியப்பிரமாண ஆணையரிடம் போய் முத்திரை வாங்கி வருவார். முத்திரை விழுந்ததும் எல்லாம் சட்டப்படி ஆகிவிட்டதாக இருவருக்கும் ஒரு நிம்மதி.

அந்த நிம்மதி பொய். வாடகைக் கொள்முதல் சட்டம் 1967-இன்படி, கடன் முடியும் வரை காரின் உரிமையாளர் வங்கி. நாம் வாடகைக்கு எடுத்தவர் மட்டுமே. நமக்குச் சொந்தமில்லாத பொருளை இன்னொருவருக்கு எப்படி விற்பது? வங்கியை ஏமாற்றும் வகையில் அப்படி விற்பதை அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. முத்திரை குத்திய தாள் இந்த நிலையை மாற்றாது.

பின்னர் என்ன நடக்கும் என்பதைப் பாருங்கள். எடுத்தவர் ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டுவார். ஏழாம் மாதம் வேலை போகும், அல்லது மனம் மாறும். தொடர்ந்து இரண்டு தவணை நின்றால் வங்கி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். அதிலிருந்து 21 நாள் அவகாசம். காரின் ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவில்லாமல் காரை இழுக்க முடியாது என்ற பாதுகாப்பும் உண்டு. ஆனால் அந்தக் கடிதம் யாருக்குப் போகும்? கடன் எடுத்தவரின் பழைய முகவரிக்கு. அது பெரும்பாலும் ஒரு தோட்டத்து லயத்து எண்ணாக இருக்கும். லயமே இடிக்கப்பட்டிருக்கலாம். கடிதம் சேராது, அவகாசம் முடியும், வங்கிக்கு இழுக்கக் காரும் அகப்படாது. கடன் மட்டும் அசல் ஆளின் பெயரில், வட்டியோடு, நிற்கும். பெயர் கடன் பதிவில் கெட்டுப்போகும். பிள்ளை பட்டம் பெற்று வேலைக்குப் போய், அப்பாவோடு சேர்ந்து ஒரு வீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் இது வெளிச்சத்துக்கு வரும். நம் வீட்டுப் பிள்ளைகள் இதற்குத் தலையெழுத்து என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். இது தலையெழுத்து அல்ல, போடாமல் விட்ட கையெழுத்து.

கடனே இல்லாத காரிலும் இதே கதை நடப்பதுண்டு. "அடுத்த வாரம் பெயர் மாற்றிக்கொள்கிறேன்" என்று வாங்கியவர் ஓட்டிப் போவார். அந்த அடுத்த வாரம் வராது. சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987, கார் கைமாறியதை ஏழு நாளுக்குள் ஜே.பி.ஜே-க்குத் தெரிவிக்கச் சொல்கிறது. தெரிவிக்காத வரை பதிவில் இருப்பது நம் பெயர். வேகக் கேமரா சம்மன் நமக்கு வரும். அந்தக் கார் யாரையாவது இடித்துவிட்டு ஓடினால் போலீஸ் நம் வாசலுக்கு வரும். ஏதாவது குற்றத்திற்குப் பயன்பட்டால் கேட்கவே வேண்டாம்.

இதற்குத் தீர்வு சிக்கலானதல்ல. கடன் பாக்கி இருந்தால், முதலில் வங்கிக்குப் போய் முழுத் தீர்வுத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்க வேண்டும். வாங்குபவர், அல்லது அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கி, அந்தத் தொகையை நம் வங்கிக்கே நேரடியாகக் கட்ட வேண்டும். மிச்சம் நமக்கு. விற்கும் விலை பாக்கியைவிடக் குறைவாக இருந்தால் வித்தியாசத்தை நாம் போட்டுக் கட்ட வேண்டியதுதான். அது வலிக்கும், ஆனால் ஒரு தடவைதான் வலிக்கும். கட்டவே முடியாத நிலை என்றால், சாவியைக் கண்டவரிடம் கொடுப்பதற்கு முன் ஏ.கே.பி.கே-வுக்குப் போகலாம். 2006-இல் பேங்க் நெகாராவால் அமைக்கப்பட்ட கடன் ஆலோசனை நிறுவனம் அது. நம்மவர்களில் அங்கே போகிறவர்கள் குறைவு. வெட்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்து வாகனச் சோதனை. நம் ஊர்களில் புஸ்பாகோம் என்றே அதற்குப் பெயராகிவிட்டது. பெயர் மாற்றத்திற்கு பி5 அறிக்கை வேண்டும். இயந்திர எண்ணும் சட்டக எண்ணும் கிராண்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று அங்கே பார்ப்பார்கள். சோதனைக்குப் பின் விற்பவரும் வாங்குபவரும் ஜே.பி.ஜே முகப்பிடத்துக்குப் போய்ப் பெருவிரல் பதிய வேண்டும். முன்பெல்லாம் வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டு இடைத்தரகரிடம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. பெருவிரல் அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது. பெயர் மாறிய பிறகுதான் சாவி. பணம் நம் கணக்கில் ஏறியதை நாமே நம் கைப்பேசியில் பார்த்த பிறகுதான் பெருவிரல். வாங்குபவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டுவாடா ரசீதின் படம் பணமாகாது. அதைத் தயாரிக்கச் சின்னப் பையனுக்கும் தெரியும். காசோலையும் வங்கியில் தேறும் வரை வெறும் தாள்தான். அறிமுகமில்லாதவரின் கைப்பேசி எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஓட்டிப் பார்க்க வருபவரைப் பெட்ரோல் நிலையம் போன்ற ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கு, பகலில் வரச் சொல்லுங்கள். உரிமத்தைப் பாருங்கள், கூடவே உட்காருங்கள்.

இதையெல்லாம் அந்நியரிடம் செய்ய யாருக்கும் தயக்கமில்லை. தயக்கம் நம்ம ஆளிடம்தான். "என்ன தம்பி, மாமாவையே நம்ப மாட்டியா?" என்று ஒரு கேள்வி வரும் பாருங்கள், அதற்கு முன்னால் வங்கி, சட்டம், பட்டப்படிப்பு எல்லாம் கரைந்துபோகும். இந்தக் கேள்விக்கு நாம் பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். "உங்களை நம்புறேன் மாமா. ஆனா நீங்க நாளைக்கு வேற யாருக்காவது கொடுத்தா, அவரை எனக்குத் தெரியாதே" என்று சொல்லலாம். இதில் அவமதிப்பு ஏதுமில்லை. பெயர் மாறினால் மாமாவுக்கும் பாதுகாப்புத்தான். இல்லாவிட்டால் தவணை முழுவதும் கட்டி முடித்த காரைக்கூட அவர் தன்னுடையது என்று காட்ட முடியாது. வள்ளுவர் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அரசன் ஆள் எடுப்பதற்காக எழுதியதுதான், கஞ்சில் வாங்க வருபவருக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

சில சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், இவற்றைப் பலர் மறந்து பணம் இழக்கிறார்கள். கண்ணாடியில் ஒட்டியுள்ள டோல் ஆர்.எஃப்.ஐ.டி வில்லை நம் இ-பணப்பையோடு இணைந்தது. அதை நீக்காமல் கொடுத்தால், வாங்கியவர் சிப்பாங் போகும் ஒவ்வொரு முறையும் நாம் டோல் கட்டுவோம். காப்புறுதியில் உரிமை கோராதவர்க்கான கழிவு காருக்கு உரியதல்ல, நமக்கு உரியது. ஐந்து ஆண்டு உரிமை கோராதிருந்தால் அது 55 விழுக்காடு வரை ஏறும். அடுத்த காருக்கு அதைக் கொண்டு போகலாம். இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே நிற்கும் கார்களும் நம் வீடுகளில் ஏராளம். அவற்றை அப்படியே விற்க முடியாது. அவர் விட்டுச் சென்றது அசையும் சொத்து மட்டும் என்றால் அமானா ராயாவில் தொடங்க வேண்டும்.

இவ்வளவையும் பட்டதாரிகளிடம் ஏன் சொல்கிறேன் என்றால், வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய முதல் ஆள் பல தோட்டத்து வீடுகளில் நாம்தான். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய அப்பாக்கள், முகவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகிவிட்டார்கள். கழகம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தப் போகிறது, நல்ல காரியம். அதே பள்ளி மண்டபத்தில், அதே சனிக்கிழமை, பிள்ளைகளை விட வரும் பெற்றோரோடு ஒரு மணி நேரம் உட்காரலாமே? பெரிய மேடை வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம். டுரியான் துங்காலிலும் ஆயர் குரோவிலும் படிக்கும் நம் மாணவர்கள் நான்கு பேர் இருந்தால் மெர்லிமாவிலேயே தொடங்கலாம். வருபவர்களிடம் கார் கிராண்டையும் வங்கி ஒப்பந்தத்தையும் மட்டும் கையோடு எடுத்து வரச் சொன்னால் போதும்.