எண்ணிக்கை வளர்ந்தது, பங்கு வளரவில்லை

திண்டுக்கல் பேகம்பூரில் நின்றுகொண்டு, ‘இந்த ஊரின் பழைய குடி யார்?’ என்று கேட்டால் ஒரே வரியில் யாராலும் பதில் சொல்ல முடியாது. 1755-ல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்குப் பவுஜ்தாராக வந்தார். அவருடைய தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இங்குள்ள பெரிய பள்ளிவாசலில் இருக்கிறது. அந்தப் பேகத்தின் பெயரே ஊருக்கும் நின்றுவிட்டது. பின்னாளில் தோல் தொழில் வளர்ந்தது. தோல் ஷாப்புகளின் உரிமையாளர்களில் முஸ்லிம் வணிகர்கள் பலர். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களில் இருந்து பிழைப்புத் தேடி வந்த தலித்துகள். கொஞ்ச தூரம் நடந்தால் மேட்டுப்பட்டி, மரியநாதபுரம் பகுதிகளில் கிறிஸ்தவர்கள்; நாகல்நகரில் சௌராஷ்டிர நெசவாளர்கள்; நகரைச் சுற்றிப் பூட்டுப் பட்டறைகள்.

2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் நகரின் மக்கள்தொகை 2,07,327. அதில் ஏழில் ஒருவர் முஸ்லிம், ஏழில் ஒருவர் கிறிஸ்தவர். தமிழகத்தில் இவ்வளவு கலந்து வாழும் நகரங்கள் அதிகம் இல்லை. இது நமக்குப் பெருமைதான். ஆனால் பெருமையோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பல சாதி, பல மதத்து மக்கள் ஓர் ஊரில் சேர்ந்துவிட்டால் அங்கே சமத்துவமும் வந்துவிடுமா?

பேகம்பூரின் தோல் ஷாப்புகளே இதற்குப் பதில் சொல்லும். மலைபோல் குவிந்த பச்சைத் தோலின் நாற்றம், கை கால்களை அரித்த சுண்ணாம்பு, கைக்கும் வாய்க்கும் எட்டாத கூலி. கிராமத்தில் சாதி ஒதுக்கிய தொழில் நகரத்துக்கு வந்தும் விடவில்லை. கூலியும் மரியாதையும் தேடித் தொழிலாளர்கள் சங்கம் கட்டிய பிறகுதான் நிலைமை நகரத் தொடங்கியது. அந்த வாழ்க்கையையும் போராட்டத்தையும் திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்த டி.செல்வராஜ் ‘தோல்’ என்ற நாவலாக எழுதினார். 2012-ல் அதற்குச் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. நம் மாணவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டிய நூல் அது. அது சொல்லும் பாடம் எளிது. பிழைப்பு மக்களைக் கலக்கும். சம உரிமையை மக்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தப் பழைய கதையை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என 2025 ஜூனில் மத்திய அரசு அறிவித்தது. சாதிவாரிக் கணக்கும் அதோடு சேர்த்தே எடுக்கப்படும். எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கு 1931-ல் வந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப் பிறகு வரும் வாய்ப்பு இது.

18-க்குள் அடங்காத 20

தமிழக மக்கள்தொகையில் பட்டியல் சாதியினரின் பங்கு 1971-ல் சுமார் 17.8 சதவீதம். அந்த ஆண்டில்தான் பட்டியல் சாதி, பழங்குடி இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. பின்னர் பழங்குடியினருக்கு 1 சதவீதம் தனியாகப் பிரிக்கப்பட்டு, பட்டியல் சாதியினருக்கு 18 என்றானது. அன்றைய கணக்குக்கு அது ஒட்டி வந்தது.

அதன் பிறகு என்ன நடந்தது? 1991-ல் நம் பங்கு 19.18 சதவீதம். 2011-ல் 20.01 சதவீதம், தலைக்கணக்கில் 1 கோடியே 44 லட்சம் பேர். திண்டுக்கல் மாவட்டத்தில் இது ஏறக்குறைய 21 சதவீதம். அதாவது ஐந்து பேரில் ஒருவர் நாம். ஒதுக்கீடு மட்டும் 18-லேயே நிற்கிறது. பிள்ளை வளர்ந்த பிறகும் பழைய சட்டையையே மாட்டிவிட்டு, ‘சட்டை கொடுத்தாயிற்றே’ என்று சொல்வதைப் போன்றது இது.

சட்டமன்றத்திலும் இதே கதை. அரசமைப்புச் சட்டத்தின் 332-வது பிரிவு, மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் தனித்தொகுதிகள் இருக்க வேண்டும் என்கிறது. இப்போதுள்ள 44 தனித்தொகுதிகள் 2001 கணக்கின்படி பிரித்தவை. நம் மாவட்டத்தின் நிலக்கோட்டை அதில் ஒன்று. 2011 விகிதத்தை 234 தொகுதிகளோடு பெருக்கிப் பாருங்கள், 46.8 வருகிறது. கிட்டத்தட்ட மூன்று தொகுதிகள் குறைகின்றன. மூன்று தொகுதி என்றால் மூன்று குரல். பஞ்சமி நிலம் பற்றியோ, மயானப் பாதை பற்றியோ அவையில் எழுந்து பேச மூன்று பேர்.

பணத்துக்கும் இதே அளவுகோல்தான். பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிக்கான செயல்திட்டச் சட்டத்தைத் தமிழகம் 2024-ல் நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. கணக்கில் ஒரு தலை விடுபட்டால் அந்தத் தலைக்குரிய சாலை, வீடு, விடுதி, உதவித்தொகை எல்லாமே விடுபடும்.

கணக்கில் காணாமல் போகிறவர்கள்

இந்த 20 சதவீதமும் முழுக் கணக்கு இல்லை. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். ஒரே தெருவில், ஒரே வேலை பார்த்த இரண்டு குடும்பங்களில் ஒன்று தேவாலயத்துக்குப் போகிறது என்பதால் அது கணக்கில் பட்டியல் சாதி இல்லை. ஆனால் டீக்கடையிலும் கல்லறைத் தோட்டத்திலும் பெண் கேட்கப் போகும் இடத்திலும் அந்தக் குடும்பத்தைச் சாதி விட்டுவைக்கிறதா? தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தது. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானமே போட்டது. கிறிஸ்தவர்கள் இவ்வளவு பேர் வாழும் திண்டுக்கல்லில் இது யாரோ ஒருவரின் பிரச்சினை என்று நாம் ஒதுங்க முடியாது.

அடுத்து, ஊர் மாறிப் போகிறவர்கள். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் இன்று ஒடியா, இந்தி பேச்சுச் சத்தம் சாதாரணம். அப்படி வருபவர்களில் தலித்துகளும் பழங்குடிகளும் உண்டு. பட்டியல் சாதி என்ற தகுதி மாநிலத்துக்கு மாநிலம் தனி. பீகாரில் பட்டியல் சாதியாக இருப்பவர், அவருடைய சாதி தமிழகப் பட்டியலில் இல்லையென்றால், இங்கே அந்தக் கணக்கில் வர மாட்டார். நம்மவர்களுக்கும் அதே கதிதான். தோல் தொழிலுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மும்பை தாராவிக்குப் போன ஆதிதிராவிடர்களின் பிள்ளைகளைக் கேட்டால் இந்தச் சான்றிதழ்த் தொல்லையைச் சொல்வார்கள். சாதி ரயிலேறிக் கூடவே வருகிறது; பாதுகாப்பு மட்டும் மாநில எல்லையில் இறங்கிவிடுகிறது.

வடமாநிலத் தொழிலாளியைக் கண்டால் ‘நம் வேலையைப் பறிக்க வந்தவன்’ என்று சில தலித் இளைஞர்களே பேசுவதைக் கேட்கிறோம். நம் தாத்தாக்கள் பேகம்பூருக்கு வந்தபோதும் எவனோ ஒருவன் இப்படித்தான் பேசியிருப்பான். குறைந்த கூலிக்கு ஆள் தேடுகிறவரை விட்டுவிட்டு, அந்தக் கூலிக்கு வந்தவனைத் திட்டுவதில் யாருக்கு லாபம்? நம் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல பதில் கிடைத்திருக்கிறது. 2021-ல் ஓர் ஆயத்த ஆடை ஆலையின் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் தலைமை தாங்கும் ஒரு தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022-ல் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. பெண் என்பதால், சாதியால், வெளியூர்க்காரர் என்பதால் என எந்த வகையிலும் ஆலைக்குள் பாகுபாடு கூடாது என்கிறது அது. உள்ளூர்ப் பெண்ணுக்கும் வந்தேறித் தொழிலாளிக்கும் ஒரே பாதுகாப்பு. கலந்து வாழ்வதைச் சமமாக வாழ்வதாக மாற்றும் வழி இதுதான்.

எண்ணிக்கையைக் காட்டி மிரட்டுகிறவர்கள்

‘அவர்கள் பெருகுகிறார்கள், நாம் சுருங்குகிறோம்’ என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது. பேகம்பூர் போன்ற ஊர்களைக் காட்டியே அதைப் பேசுகிறார்கள். தமிழகத்தில் முஸ்லிம்களின் பங்கு 2001-ல் 5.56 சதவீதம், 2011-ல் 5.86. பத்து ஆண்டில் அரை சதவீதம்கூட ஏறவில்லை. இந்திய அளவில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை எண்ணிக்கை 1992-93-ல் 4.4, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 2.4. படிப்பும் மருத்துவமனையும் போய்ச் சேர்ந்த இடத்தில் எல்லாச் சமூகத்திலும் குடும்பம் சிறுக்கிறது. பயம் காட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. ‘காலனிக்காரர்கள் வத்தவத்தவெனப் பெற்றுப் போடுகிறார்கள்’ என்ற ஏச்சை ஒரு தலைமுறைக்கு முன் கேட்ட நாம், இன்று வேறொருவர் மீது அதையே வீசத் துணை போகலாமா?

தமிழகம் குடும்பக் கட்டுப்பாட்டில் முந்தியதற்கே ஒரு முறை தண்டனை பெற்றிருக்கிறது. 1962-ல் 41 ஆக இருந்த மக்களவைத் தொகுதிகள் 1967-ல் 39 ஆயின. 1971 கணக்கோடு தொகுதி எண்ணிக்கையை நிறுத்திவைத்த தடை, 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை என நீட்டிக்கப்பட்டது. மாநிலத்தின் பங்கு குறைந்தால் நம் 7 தனித்தொகுதிகளும் சேர்ந்தே குறையும். மாநிலத்துக்கு ஓர் இழப்பு என்றால் தலித்துகளுக்கு இரண்டு.

இத்தனையும் சொன்ன பிறகு ஓர் உண்மையையும் மறக்கக் கூடாது. எண்ணிக்கை மட்டுமே காப்பாற்றிவிடாது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் சட்டப்படி ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கு 1996 முதல் பத்து ஆண்டுகள் ஒழுங்காகத் தேர்தல் நடக்க விடவில்லை. மேலவளவில் வென்ற முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அரசும் பொதுச் சமூகமும் துணை நின்ற பிறகே, 2006-ல் அந்த ஊர்களில் தேர்தல் நடந்தது. கணக்கு நமக்கு நாற்காலியைக் காட்டும். அதில் உட்கார ஒற்றுமையும் சட்டத்தின் காவலும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

அரசிடம் நாம் கேட்பது மூன்று. 18 சதவீதத்தை மக்கள்தொகைக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். புதிய கணக்கில் எந்த மதத்தவரானாலும் அவரவர் சாதியைப் பதிய வேண்டும். இடம்பெயர்ந்த தலித் தொழிலாளர்களின் தகுதிக்கு ஒரு தீர்வு காண வேண்டும்.

நம் வீடுகளில் செய்ய வேண்டியதும் உண்டு. தமிழகப் பட்டியலில் 76 சாதிகள் இருக்கின்றன. கணக்கெடுப்பவர் வரும்போது ‘எஸ்.சி.’ என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். சான்றிதழில் உள்ள பெயரையே சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அருந்ததியர் உள் ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் உறுதி செய்திருக்கிறது. சரியான எண்ணிக்கை இருந்தால்தான் அது நிலைக்கும். நமக்குள் யார் பெரிது என்ற போட்டிக்காக யாரையும் குறைத்துக் காட்டவும் வேண்டாம், கூட்டிக் காட்டவும் வேண்டாம்.

மாணவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கணக்கெடுப்பு நடக்கும் நாட்களில் செங்கல் சூளையிலும் திருப்பூரிலும் இருக்கும் உங்கள் அப்பா, அம்மா, அண்ணன்மாரின் பெயர் எங்காவது ஓரிடத்தில் பதிவாகிறதா என்று தொலைபேசியில் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் படிவத்தைப் படித்துக் காட்டுங்கள். தமிழகத்தின் எழுத்தறிவு 80 சதவீதமாக இருந்த 2011-ல் நம் மக்களின் எழுத்தறிவு 73 சதவீதம்தான். அந்த ஏழு சதவீத இடைவெளியை அந்த நாட்களில் நிரப்பக்கூடியவர்கள் நீங்கள்தான்.

உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பு, திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குக் கழிவுநீர்க் கட்டுப்பாடுகளை விதித்தது. அதன் பிறகு பல ஷாப்புகள் மூடின. குழியில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரிப் பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள். குழியில் நின்ற காலத்தில் அவர்களை யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. இந்த முறை, எண்ணுகிறவர் வாசலுக்கு வரும்போது வீட்டில் யாராவது ஒருவர் இருங்கள்.